ஒரே நுகத்தில் இரண்டு பாட்டரிகள்



இன்றைய கேரளத்தின் முதல் பெரிய நீர்மின் நிலையம் 1940ஆம் ஆண்டில் எங்கள் தேவிகுளம் வட்டாரத்துப் பள்ளிவாசலில் எழுந்தது. ஆயினும், இடவப்பாதி மழை வலுத்து, மரக்கிளை ஒன்று கம்பியின்மேல் விழுந்துவிட்டால் மலையோர வீடுகள் இருளில் மூழ்கிவிடும். 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் நிலம் சரிந்து 70 பேர் மாண்டபோது, மின்சாரமும் தொலைபேசியும் நின்றிருந்தன. செய்தி மறுநாள் காலையில்தான் வெளியுலகை எட்டியது. இத்தகைய நிலத்தில் வாழ்வோர்க்குச் சேமித்து வைத்த மின்சாரம் இன்றியமையாத காவலாகும்.

நான் கலைப் பட்டதாரி. மைய அரசின் அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளன். மின்னியலில் நான் அறிந்தது சிறிதே. அச்சிறிதையும் இழப்புற்றே கற்றேன். என் தாயாருக்கு ஆஸ்துமா உண்டு. இரவில் இரைப்பு மிகுந்தால், மருந்தை ஆவியாக்கித் தரும் கருவியை இயக்க வேண்டும். அதற்கென 12 வோல்ட் காரீய-அமில பாட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து, 24 வோல்ட் இன்வெர்ட்டர் ஒன்றை அமைத்தேன். பிறகு, கீழ்ப் பாட்டரியிலிருந்து மட்டும் இரு கம்பிகளை இழுத்து, தாழ்வாரத்தில் ஒரு விளக்கையும் எரியவிட்டேன். அது சிக்கனமென்றே அன்று எண்ணினேன். இரண்டாம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் இரவு, கருவியை இயக்கிய சில நிமிடங்களில் இன்வெர்ட்டர் நின்றுவிட்டது. அண்டை வீட்டாரின் ஜீப்பில் அம்மாவை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம்.

பின்னர் அளந்து பார்த்தபோது காரணம் விளங்கிற்று. ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகளைப் போன்றவை தொடரில் இணைந்த பாட்டரிகள். இரண்டின் வழியாகவும் ஓடும் மின்னோட்டம் ஒன்றே. ஆனால் மின்னழுத்தத்தை அவை சமமாகப் பங்கிட்டுக்கொள்வதில்லை. தாழ்வார விளக்கினால் கீழ்ப் பாட்டரி நாள்தோறும் கூடுதலாக இளைத்தது. மின்னேற்றும்போது மேல் பாட்டரி முன்னதாக நிறைந்து 15.3 வோல்ட்டுக்கு ஏறியது. கீழ்ப் பாட்டரி 13.5 வோல்ட்டிலேயே நின்றது. கூட்டினால் 28.8. மின்னேற்றும் கருவி இந்தக் கூட்டுத்தொகையை மட்டுமே காண்பதால், இரண்டும் நிறைந்தன என்று கொண்டது. மேல் பாட்டரியின் நீர் வாயுவாகிக் குறைந்தது; கீழ்ப் பாட்டரியின் தகடுகளில் காரீய சல்பேட்டு இறுகிப் படிந்தது. ஆக, இரண்டும் கெட்டன.

இதற்கு மாற்று, பாட்டரி ஒவ்வொன்றுக்கும் தனியே ஒரு சமன்செய் சுற்று. டி.எல். 431 என்னும் சில்லின் உணர்முனையில் ஏறத்தாழ 2.5 வோல்ட் வந்ததும், அது மின்னோட்டத்துக்கு வழிவிடும். பாட்டரியின் நேர்முனையிலிருந்து 47,000 ஓம் மின்தடையும் 5,000 ஓம் மாறுதடையும் தொடராக அவ்வுணர்முனைக்கு வரட்டும். அங்கிருந்து 10,000 ஓம் மின்தடை எதிர்முனைக்குச் செல்லட்டும். சில்லின் ஆனோடை எதிர்முனையிலும், கேத்தோடை 1,000 ஓம் மின்தடை வழியாக டி.ஐ.பி. 127 டிரான்சிஸ்டரின் அடிவாயிலும் இணைக்க வேண்டும். டிரான்சிஸ்டரின் உமிழ்ப்பான் நேர்முனையில் சேரும். அதற்கும் அடிவாய்க்கும் இடையே மற்றொரு 1,000 ஓம் மின்தடை வேண்டும். ஏற்பானிலிருந்து 12 வோல்ட், 10 வாட் வண்டி விளக்கு ஒன்றின் வழியாக எதிர்முனைக்குக் கம்பி செல்லும்.

மின்னேற்றும் கருவி தரும் உச்ச அழுத்தத்தில் சரிபாதியில் விளக்கு ஒளிரத் தொடங்குமாறு மாறுதடையைத் திருப்பி அமைக்க வேண்டும். என் வீட்டில் அது 14.4 வோல்ட். முன்னதாக நிறைந்த பாட்டரியின் விளக்கு எரிந்து, மிகையான மின்னோட்டத்தைத் தன் வழியே விலக்கிவிடும். பின்தங்கியது நிறையக் காலம் கிடைக்கும். எது முந்திற்று என்பதை அவ்விளக்கே காட்டிவிடும்.

சில எச்சரிக்கைகள். ஒவ்வொரு சுற்றின் நேர்க்கம்பியிலும், பாட்டரிக்கு அருகிலேயே 2 ஆம்பியர் உருகி இருத்தல் வேண்டும். டிரான்சிஸ்டரை அலுமினியத் தகட்டில் பொருத்துக; இரு சுற்றுகளின் தகடுகளும் ஒன்றையொன்று தொடலாகாது. மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வாயு எழும். காற்றில் அது நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே தீப்பற்றும். ஆகவே சுற்றைப் பாட்டரியின் மூடிகளுக்கு மேலே வைக்காமல், காற்றோட்டமுள்ள இடத்தில் விலக்கி வைக்க வேண்டும். இச்சுற்று விலக்குவது 1 ஆம்பியருக்கும் குறைவே. சிறு வேற்றுமையைச் சரிசெய்யுமேயன்றி, கெட்ட பாட்டரியை உயிர்ப்பிக்காது. பழையதோடு புதியதைச் சேர்க்காமல், ஒரே வகையில், ஒரே வயதுடைய இரண்டை வாங்கித் தனித்தனியே முழுமையாக மின்னேற்றிய பின்னரே இணைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பாட்டரியிலிருந்து மட்டும் மின்சாரம் எடுக்கும் கம்பி இருந்தால், அதை இன்றே கழற்றிவிடுங்கள்.

தாழ்வாரத்து விளக்கை நான் கழற்றிவிட்டேன். இப்போது மாலையில் மழை இறங்கினால், "இரண்டும் எரிந்ததா?" என்று அம்மா கேட்கிறார். எரிந்தது என்று கேட்ட பின்னரே உறங்கச் செல்கிறார்.