அலமாரியும் ஓ.டி.டி.யும்

(புசா ரோடில் நடைபெற்ற நமது காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைய அஜெண்டாவில் ஐந்தாவது விஷயம், நமது நூலகத்தில் இருக்கும் வி.சி.டி., டி.வி.டி. அலமாரியைக் காலி செய்து கபாடிவாலாவிடம் போடுவது பற்றியது. தீர்மானத்தில் "இவை அனைத்தும் தற்போது ஓ.டி.டி.யில் கிடைப்பதால்" என்று காரணம் எழுதியிருக்கிறது. அலமாரி வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வது சபையின் இஷ்டம். ஆனால் அந்தக் காரணம் சரியில்லை. முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்தவனுக்கு, குறிப்பில் காரணம் தப்பாக இருந்தால் கீழே இனிஷியல் போடக் கை வராது. அதனால்தான் காரியதரிசியிடம் இருபது நிமிஷம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நமது அங்கத்தினர் ஒருவரின் ஆத்து மாமி, ஒரு சந்தா சேவையில் பழைய சிவாஜி படம் ஒன்றைப் பாதி பார்த்துவிட்டு, மீதியை மறுநாள் பார்க்கலாம் என்று வைத்தார். மறுநாள் அந்தப் படம் இல்லை. பெயரைத் தட்டினால் வேறு நாலு படங்கள் வந்து நின்றன. ரிமோட்டில் ஏதோ கோளாறு என்று மாமி பேரனைக் கூப்பிட்டார். அவன், "இல்லை பாட்டி, லைசென்ஸ் முடிஞ்சுபோச்சு, எடுத்துட்டா" என்றான். "நான்தான் பணம் கட்டியிருக்கேனேடா?" என்று மாமி கேட்டாராம். நியாயமான கேள்வி. இந்த இருபது நிமிஷமும் அதற்கான பதில்தான்.

முதலில், இது இடப் பற்றாக்குறையால் வருவதில்லை. இரண்டரை மணி நேரப் படம் ஒன்று சுமார் 4 ஜி.பி. என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் படங்களுக்கு 40,000 ஜி.பி., அதாவது 40 டெராபைட். அவ்வளவையும் வைக்கும் ஹார்ட் டிஸ்குகள் ஒரு சூட்கேஸில் அடங்கிவிடும். உலகம் முழுக்க வியாபாரம் செய்யும் கம்பெனிக்கு இது ஒரு செலவே இல்லை. ஆகவே ஒரு படம் அங்கே இல்லையென்றால், அதற்குக் காரணம் உரிமைப் பத்திரத்தில்தான் இருக்கிறது.

டிஸ்க் என்பது விலைக்கு வாங்கிய சாமான். ஸ்ட்ரீமிங் என்பது வாடகைக்கு எடுத்த சாமான், அதுவும் வாடகைக்கு எடுத்தவரிடமிருந்து நாம் உள்வாடகைக்கு எடுப்பது. நெட்ஃபிளிக்ஸ் கதையையே பாருங்கள். அது 1998-இல் அமெரிக்காவில் தபாலில் டி.வி.டி. அனுப்பும் கம்பெனியாகத்தான் தொழிலை ஆரம்பித்தது. அந்த நாட்டுச் சட்டப்படி ஒரு டிஸ்கை முறையாக விலைக்கு வாங்கிவிட்டால், அதை வாடகைக்கு விட ஸ்டுடியோவின் அனுமதி தேவையில்லை. கடையில் கிடைக்கும் எந்தப் படத்தையும் வாங்கி அடுக்கலாம். அப்படி உச்சத்தில் சுமார் ஒரு லட்சம் தலைப்புகள் சேர்ந்தன. இன்டர்நெட்டில் அனுப்புவதற்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு படத்துக்கும், ஒவ்வொரு நாட்டுக்கும், இத்தனை வருஷத்துக்கு என்று தனி ஒப்பந்தம் போட வேண்டும். ஆகவே ஒரு நாட்டில் ஒரு சமயத்தில் சில ஆயிரம் தலைப்புகள்தான் இருக்கின்றன. அந்தத் தபால் சேவையையும் 2023 செப்டம்பர் 29-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். இந்தியாவுக்கு 2016-இல் வந்தது ஸ்ட்ரீமிங் மட்டுமே. அந்த ஒரு லட்சத்தை நாம் கண்ணால் பார்த்ததே கிடையாது.

தமிழ்ப் படங்களில் சிக்கல் இன்னும் ஒரு படி அதிகம். நம் தயாரிப்பாளர்களில் பலர் கடன் வாங்கிப் படம் எடுத்தவர்கள். படம் ஓடாவிட்டால் நெகடிவ் உரிமை ஃபைனான்சியருக்குப் போகும். அவரிடமிருந்து இன்னொருவருக்கு, அப்புறம் அவர் பிள்ளைகளுக்கு. டி.வி. உரிமை ஒருவரிடம், வீடியோ உரிமை வேறொருவரிடம், பாட்டு உரிமை மூன்றாவது ஆளிடம். அந்தக் காலத்து ஒப்பந்தத்தில் இன்டர்நெட் என்ற சொல்லே கிடையாது. அப்புறம் அந்த உரிமை யாருக்குச் சேர்ந்தது? நான்கு தலைமுறையாகப் பாகப்பிரிவினை ஆகாத கிராமத்து வீடு மாதிரிதான். வக்கீல் ஃபீஸ் படத்தின் வருமானத்தைவிட அதிகம் என்று தெரிந்தால் எந்தக் கம்பெனியும் அந்தப் பக்கம் போகாது. ஆயிரம் பேர் மட்டும் பார்க்கும் படத்துக்கு அவர்கள் கணக்கில் இடமில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை, அது வியாபாரம்.

"சார், பழைய படத்துக்குக் காப்பிரைட் தீர்ந்திருக்குமே?" என்று நமது பொருளாளர் கேட்டார். நல்ல கேள்வி. நம் நாட்டுச் சட்டப்படி திரைப்படத்தின் உரிமைக் காலம், வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷ ஆரம்பத்திலிருந்து 60 ஆண்டுகள். 1960-இல் வந்த படத்துக்கு 2020 டிசம்பரோடு முடிந்தது. (பாட்டுக்கும் கதைக்கும் அவற்றை எழுதியவரின் ஆயுளை வைத்துத் தனிக் கணக்கு, அதையும் பார்க்க வேண்டும்.) ஆனால் உரிமை தீர்ந்தால் மட்டும் போதாது. திரையில் ஓட்டுவதற்குப் பிரதி வேண்டுமே!

இங்கே கொஞ்சம் கெமிஸ்ட்ரி சொல்ல அனுமதியுங்கள். பி.எஸ்ஸி.யில் படித்ததற்கு இப்போதாவது ஒரு உபயோகம் வரட்டும். 1950-கள் வரை படச்சுருள் செல்லுலோஸ் நைட்ரேட்டில் செய்யப்பட்டது. அது தானாகவே சிதையும். சிதையும்போது வெளிவரும் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகும். அந்த அமிலம் சிதைவை மேலும் துரிதப்படுத்தும். தீப்பிடித்தால் அணைப்பது மிகவும் கஷ்டம். புனேயில் 2003-இல் அப்படி ஒரு தீ விபத்தில் ஏராளமான பழைய சுருள்கள் போயின. பின்னால் வந்த அசிடேட் சுருள் அப்படி எரியாது. ஆனால் உஷ்ணத்திலும் ஈரத்திலும் அசிடிக் அமிலத்தை விடும். டப்பாவைத் திறந்தால் வினிகர் வாசனை அடிக்கும். சென்னை மாதிரி ஊரில் ஏ.சி. இல்லாத கோடவுனில் சுருள் என்ன பாடு பட்டிருக்கும் என்று நீங்களே யூகிக்கலாம். இவை போதாதென்று, சுருளில் இருக்கும் வெள்ளியை எடுப்பதற்காகவே பழைய பிரதிகளை எடைக்கு வாங்கிப் போனவர்களும் உண்டு.

விளைவு? இந்தியாவில் எடுத்த 1,300-க்கும் மேற்பட்ட மௌனப் படங்களில் இன்று மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. தமிழின் முதல் பேசும் படமான 1931-இன் காளிதாஸ் இல்லை. ஹிந்தியின் ஆலம் ஆராவும் இல்லை.

மிஞ்சியவையும் எப்படி மிஞ்சின என்று பாருங்கள். 1933-இல் நாகர்கோவில்காரர் சுந்தர்ராஜ் தயாரித்து பி.வி. ராவ் இயக்கிய மார்த்தாண்ட வர்மா என்ற மௌனப் படம் வெளியான கையோடு, மூல நாவலைப் பதிப்பித்த திருவனந்தபுரம் புத்தகக் கம்பெனி காப்பிரைட் வழக்குப் போட்டது. படம் நிறுத்தப்பட்டு, பிரதி அந்தக் கம்பெனியின் வசமே கிடந்தது. ஓடியிருந்தால் தேய்ந்து போயிருக்கும். ஓடாததால் பிழைத்தது! 1974-இல் நேஷனல் ஃபிலிம் ஆர்கைவ் அதை மீட்டது. தென்னிந்திய மௌனப் படங்களில் இன்று நம் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

அந்த ஆர்கைவை 1964-இல் புனேயில் ஆரம்பித்தார்கள். அதை வளர்த்தவர் பி.கே. நாயர். 2016-இல் காலமானார். ஊர் ஊராகப் போய்ச் சுருள் சேகரித்த இந்த மாதிரி ஆசாமி ஒருவர் இல்லாவிட்டால், இப்போது நாம் பேசுவதற்கே விஷயம் இருந்திருக்காது. 2022-இல் அது என்.எஃப்.டி.சி.யோடு இணைக்கப்பட்டது. அதே ஆண்டு தேசியத் திரைப்பட மரபுப் பணியின் கீழ் 2,200 படங்களைச் சீர்படுத்த ரூ.363 கோடி ஒதுக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் அந்த வரிசையில் நாம் பார்க்க விரும்பும் படம் எத்தனையாவது இடத்தில் நிற்கிறதோ, பகவானுக்குத்தான் வெளிச்சம்.

நம் சபைக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். கே. சுப்ரமண்யம் இயக்கிய தியாகபூமியை எடுத்துக்கொள்ளுங்கள். 1939-இல் வந்தது. கல்கி எழுதிய கதை, விகடனில் தொடராகவும் வந்தது. சம்பு சாஸ்திரியாக நடித்தவர் சாக்ஷாத் பாபநாசம் சிவன். டி.கே. பட்டம்மாள் பாடியிருக்கிறார். புயலில் வீடிழந்த சேரி மக்களுக்கு இடம் கொடுத்ததற்காக ஊரார் ஜாதிப் பிரஷ்டம் செய்யும் ஒரு சாஸ்திரிகளின் கதை. பிரிட்டிஷ் சர்க்கார் அதைத் தடை செய்தது. நம்மவர்களே நம்மைப் பார்த்துக் கேட்ட கேள்வி அதில் இருக்கிறது. நம் பேரன் பேத்திகள் அதைப் பார்க்க வேண்டாமா? புனேயில் பிரதி இருக்கிறது. அதனால் தப்பித்தது. 1947-இல் வந்த ஹிந்தி மீராவும் அப்படித்தான். அதன் தொடக்கத்தில் சரோஜினி நாயுடு தாமே திரையில் தோன்றி எம்.எஸ்.ஸை வட இந்தியர்களுக்கு அறிமுகம் செய்துவைப்பார். டில்லித் தமிழர்கள் ஒவ்வொருவரும் ஒருமுறை பார்க்க வேண்டிய காட்சி.

1970-களில் நாங்கள் இந்த ஊருக்கு வந்தபோது தமிழ்ப் படம் என்றால் ஞாயிறு காலைக் காட்சிதான். கரோல் பாக்கிலிருந்து கும்பலாகக் கிளம்புவோம். படம் எதுவானாலும் சரி. 1980-களில் ஞாயிறு மத்தியானம் தூர்தர்ஷனில் மாநில மொழிப் படம், ஆங்கில எழுத்துக்களோடு. வங்காளம், மலையாளம், கன்னடம் எல்லாம் அப்படிப் பார்த்ததுதான். கிடைத்தது குறைவு, ஆனால் எது கிடைக்கவில்லை என்று தெரிந்திருந்தது. இன்றைய பையன் பெயரைத் தட்டுகிறான், வேறு படங்கள் வரிசையாக வருகின்றன. "இல்லை" என்ற பதிலே அவன் கண்ணில் படுவதில்லை. தேடிய படம் இல்லை என்பதை அவன் கவனிப்பதும் இல்லை. இதுதான் எனக்குக் கவலை.

வேறு வழிகள் இல்லாமல் இல்லை. யூட்யூபில் பழைய தமிழ்ப் படங்கள் நிறைய இருக்கின்றன. உரிமையாளர்களே போட்டவையும் உண்டு. வீணை எஸ். பாலசந்தர் இயக்கி ஏ.வி.எம். தயாரித்த அந்த நாள், 1954-இல் பாட்டே இல்லாமல் வந்த படம், அதை நான் அங்கேதான் மறுபடி பார்த்தேன். ஆனால் சில பிரதிகளில் படத்தை அகலமாக இழுத்து எல்லோரையும் குண்டாக்கிவிடுகிறார்கள், பாட்டுக்களை வெட்டுகிறார்கள், மூலையில் முத்திரை. லோதி ரோடில் ஹாபிடாட் சென்டரின் திரைப்பட விழாவில் பிற மொழிப் படங்களை நல்ல திரையில் பார்க்கலாம். பிரசார் பாரதி 2024 நவம்பரில் 'வேவ்ஸ்' என்ற சேவையை ஆரம்பித்தது. கேரள அரசும் அதே ஆண்டு மார்ச்சில் 'சி ஸ்பேஸ்' என்று சொந்தமாக ஒன்று தொடங்கியது. நம் தமிழ்நாட்டுக்கு அந்த யோசனை தோன்றினால் தேவலை.

இனி அலமாரி. அதில் உள்ளதெல்லாம் பொக்கிஷம் என்று சொல்ல மாட்டேன். வி.சி.டி.யின் படத் தரம் 352-க்கு 288 புள்ளிகள்தான். பெரிய டி.வி.யில் கட்டம் கட்டமாகத் தெரியும். கள்ளப் பிரதிகளைத் தாராளமாகத் தூக்கிப் போடுங்கள். ஆனால் முறையாக வாங்கிய டிஸ்குகளை வைத்திருப்பதற்குச் சட்டமே துணை இருக்கிறது. 2012-இல் காப்பிரைட் சட்டத்தைத் திருத்தியபோது, லாபநோக்கில்லாத நூலகம் முறையாகப் பெற்ற பிரதியை லாபமின்றி இரவல் கொடுப்பது வியாபார வாடகை ஆகாது என்று தெளிவாகவே எழுதிவிட்டார்கள். ஹாலில் கூட்டமாகப் போட்டுக் காட்டுவது வேறு, அதற்கு உரிமையாளரின் அனுமதி வாங்க வேண்டும். இரவல் கொடுக்கத் தடையில்லை. சந்தா சேவையில் இருக்கும் படத்தை நான் உங்களுக்கு இரவல் தர முடியுமா?

ஆகவே என் திருத்தம் இது: முதலில் ஒரு பட்டியல் தயாரிப்போம். ஒவ்வொரு டிஸ்கையும் ஓட்டிப் பார்த்து, படத்தின் பெயர், வருஷம், ஓடுகிறதா இல்லையா என்று எழுதுவோம். ஓடுகிறவற்றில், வேறெங்கும் சுலபமாகக் கிடைக்காதவற்றைத் தனியாக எடுத்து வைப்போம். பாலிகார்பனேட் தகட்டுக்குள் இருக்கும் அலுமினியப் பூச்சில் காற்றுப் பட்டால் அது ஆக்ஸைடாகிவிடும். ஆகவே ஓரத்தில் புள்ளி விழுந்தவற்றுக்கு முன்னுரிமை. இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும், ஒரு டி.வி.டி. பிளேயர் வேண்டும். என் வீட்டு பிளேயர் தட்டு வெளியே வருகிறது, உள்ளே போக மறுக்கிறது. யாராவது பரண் மேல் நல்ல நிலையில் ஒன்று வைத்திருந்தால், அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குள் நூலகத்துக்குக் கொண்டுவந்து தரும்படி கேட்டுக்கொள்கிறேன். ராஜேந்திர பிளேஸ் மெட்ரோ வரை வந்து வாங்கிக்கொள்ளவும் நான் தயார்.