தைலக் கொப்பரையும் மின் சுருளும்



சாரல் காலத்தில் குற்றாலத்திற்கு வருவோர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நீராடும் வழக்கத்தை யாவரும் அறிவர். மூலிகைத் தைலம் காய்ச்சுவது தென்காசி வட்டாரத்திற்கு மிகவும் ஏற்ற கைத்தொழில். அத்தொழிலுக்கு மின்தூண்டல் வெப்பம் எந்த அளவுக்குப் பயன்படும் என்பதை இன்று ஆராய்வோம்.

தைலம் கெடுவது பெரும்பாலும் கடைசிக் கட்டத்திலேயே. எண்ணெயில் மூலிகைச் சாறு உள்ளவரை கொப்பரையின் சூடு ஏறக்குறைய 100 டிகிரி சென்டிகிரேடிலேயே நிற்கும். நீர் வற்றியவுடன் சூடு விரைந்து ஏறும். அப்போது விறகை இழுத்துவிட்டாலும் அடுப்பின் தணல் தணிவதில்லை. பதம் தப்பி எண்ணெய் கருகுகிறது. பல நாள் உழைப்பும் மூலிகையும் ஒரு நொடியில் வீணாகின்றன. புகையில் நின்று கிண்டும் பெண்களின் கண்ணும் மார்பும் படும் துன்பத்தைச் சொல்லவும் வேண்டுமோ?

மாறும் காந்தப்புலம் மின்சாரத்தைத் தோற்றுவிக்கும் என்பதை 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டறிந்தார். கொப்பரையைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள் அமைத்து, அதில் வேகமாக மாறும் மின்சாரத்தைச் செலுத்தினால், கொப்பரையின் உலோகத்திலேயே சுழல் மின்னோட்டம் எழுந்து சூடு பிறக்கும். மின்சாரத்தை நிறுத்திய கணமே சூடு பிறப்பதும் நின்றுவிடும். பதம் காப்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை மட்டுமே மாறுவது. இன்வெர்ட்டர் அதனை முதலில் நேர்மின்சாரமாக்கிப் பின்னர் நொடிக்கு இருபதாயிரம் முறைக்கு மேல் மாறச் செய்கிறது. ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால் சிறு விசையே போதுமல்லவா? அதுபோலவே சுருளும் மின்தேக்கியும் தமக்கே உரிய ஓர் அதிர்வெண்ணில் ஒத்ததிர்கின்றன. 80 மைக்ரோ ஹென்றிச் சுருளும் 0.6 மைக்ரோ பாரட் மின்தேக்கியும் இணைந்தால் அது ஏறக்குறைய 23 கிலோ ஹெர்ட்ஸ் ஆகும். அதற்குச் சற்று மேலே இயக்கினால் டிரான்சிஸ்டர்கள் வீணே சூடாவது குறையும். கொப்பரையை மாற்றினால் இவ்வெண்ணும் மாறும். ஆதலின் கொப்பரையோடு சேர்த்தே சுருளை அளந்து அமைத்தல் வேண்டும்.

சுருளில் சுற்றுகள் இரண்டு மடங்கானால் மின்தூண்டல் எண் ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதை நினைவிற் கொள்க. இவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணில் மின்சாரம் கம்பியின் மேற்பரப்பிலேயே ஓடும். எனவே தடித்த ஒற்றைக் கம்பிக்கு மாறாக, தனித்தனியே காப்பிட்ட மெல்லிய இழைகளை முறுக்கிய கம்பியே ஏற்றது. சுருளுக்கும் கொப்பரைக்கும் இடையே வெப்பம் தாங்கும் காப்பு வேண்டும். நில இணைப்பும் இன்றியமையாதது. செம்பும் அலுமினியமும் இக்கருவியில் நன்கு சூடாவதில்லை. இரும்பு அல்லது காந்தம் ஒட்டும் எவர்சில்வர்ப் பாத்திரமே தக்கது.

இனிச் செலவைக் கணக்கிடுவோம். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 0.08 யூனிட் போதும். கொதிக்கும் அதே நீரை முழுவதும் ஆவியாக்கவோ 0.63 யூனிட் வேண்டும். அதாவது ஏறக்குறைய எட்டு மடங்கு. பத்து லிட்டர் சாற்றை மின்சாரத்தால் வற்றச் செய்தால் ஏழு யூனிட்டுக்கு மேல் செலவாகும். பதநீரைக் கருப்பட்டியாகக் காய்ச்சுவதற்கும் இதே கணக்குத்தான். மின்சாரம் இங்கு மாயம் ஒன்றும் செய்வதில்லை.

ஆகவே நாம் கூறும் யோசனை இதுவே: சாற்றின் பெரும்பகுதியைப் புகைபோக்கியுள்ள நல்ல அடுப்பில் வற்றச் செய்க. பின்னர் ஆறவிட்டு, எண்ணெயைத் தூண்டல் கொப்பரைக்கு மாற்றி, வெப்பமானியை நோக்கியவாறு மெழுகுப் பதமோ மணல் பதமோ முடிக்க. இடைவிடாது கிண்டுவதும் அவசியம். இன்றேல் சுவரை ஒட்டிய எண்ணெய் கருகிவிடும்.

இரண்டு கிலோவாட் கருவி 230 வோல்ட்டில் ஏறக்குறைய ஒன்பது ஆம்பியர் எடுக்கும். அதைத் தாங்கும் கம்பியிணைப்பு உள்ளதா என்று முதலில் பார்த்துக்கொள்ளல் வேண்டும். தனித்தனியே வாங்க இயலாதோர் மகளிர் குழுவாக ஒன்றுகூடி ஒரு கருவியை முறைவைத்துப் பயன்படுத்தலாம். காய்ச்சுவோரின் கைப்பழக்கத்தோடு வெப்பமானியின் கணக்கும் சேருமாயின், பதம் தவறுவது குறையும். புகையில் நிற்கும் நேரமும் குறையும்.