சிலுவை அருகில் நின்ற அன்பு



தவக்காலம் வந்துவிட்டால் நம் கடற்கரை ஊர்களில் வியாகுலப் பாடல்கள் ஒலிக்கத் தொடங்குகின்றன. பெரிய வெள்ளியன்று பாட்டிமார் பாட, கோவிலில் இருப்போர் கண்கலங்குவதைப் பார்க்கிறோம். நம் பிள்ளைகளோ, "இயேசுதான் உயிர்த்துவிட்டாரே, இன்னும் எதற்கு இந்த ஒப்பாரி?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

வியாகுலம் என்றால் துயரம். மகனை இழந்த தாயின் துயரத்தைத் திருச்சபை பல நூற்றாண்டுகளாகப் பாடி வருகிறது. உலகெங்கும் சிலுவைப் பாதையில் பாடப்படும் 'ஸ்தாபாத் மாத்தேர்' 13-ஆம் நூற்றாண்டின் இலத்தீன் பாடல். இத்தாலியில் பிறந்து, நம் மாவட்டத்துக் காமநாயக்கன்பட்டியிலும் பணியாற்றிய வீரமாமுனிவர், தேம்பாவணியோடு நில்லாமல் அன்னையின் அழுகைக்கென்றே 'அன்னை அழுங்கல் அந்தாதி'யும் பாடினார். அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் தொடக்கம். துயரமும் அப்படித்தானே? முடிந்தது என்று நினைக்கும் இடத்தில் மறுபடி தொடங்குகிறது.

காதலையும் வலியையும் பாடும் திரைப்படப் பாடல்களையும் நாம் கேட்கிறோம், தவறில்லை. ஆனால் ஒன்றைக் கவனிப்போம். அவற்றில் பலவற்றில் பாடுகிறவர் தம் காயத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வியாகுலப் பாடலில் தாயின் கண் மகனின் காயங்கள் மேல் இருக்கிறது. அன்பு எது, தன்னிரக்கம் எது என்று பிரித்தறிய இது நல்ல அளவுகோல்.

யோவான் நற்செய்தி 19:25-இல், சிலுவை அருகில் தாய் நின்றுகொண்டிருந்தார் என்று வாசிக்கிறோம். அவர் பேசியதாக ஒரு சொல்லும் அங்கே இல்லை. ஆணியைப் பிடுங்க அவரால் முடியவில்லை. விட்டுப் போகவும் முடியவில்லை.

இது நமக்குப் புரியாததல்ல. முத்துக் குளிக்க, சங்கு குளிக்க இறங்கியவரின் கயிற்றை வள்ளத்தில் மைத்துனர் பிடிப்பார் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். தம் சகோதரியின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் அவர் கை தளராது. மூழ்கியவருக்காக அவர் மூச்சுவிட முடியாது; ஆனால் கயிற்றை விடமாட்டார்.

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயலில், கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. உடல்கூடக் கிடைக்காத வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டுத் தாயிடம், "அழாதேம்மா, எல்லாம் கடவுள் சித்தம்" என்று சொல்லிவிட்டு நாம் சீக்கிரம் எழுந்துவிடுகிறோம். அது ஆறுதல் அல்ல, வாயடைப்பு. நம் பாடல்கள் மரியாவையே அழ விடுகின்றன. சற்று நேரத்தில் இலாசரை எழுப்பப்போவதை அறிந்திருந்தும் ஆண்டவர் அழுதாரே! உயிர்ப்பை நம்புகிறவர்களும் அழலாம், பிள்ளைகளே.

ஓர் எச்சரிக்கையும் தேவை. அன்பு என்றால் வலிதான் என்று பாடிப் பாடி, குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பொறுத்துக்கொள்வதே உன் சிலுவை என்று எந்தச் சகோதரிக்கும் நாம் சொல்லக் கூடாது. அன்பு வலியைத் தாங்கும், வலியைக் கொடுக்காது. அடிக்கிறவன் ஆணி அறைந்தவர்களின் பக்கம் நிற்கிறான். நாம் நிற்க வேண்டியது அந்தச் சகோதரியின் அருகில்.

இந்த வாரம் துயரப்படும் ஒரு வீட்டுக்குப் போவோம். அறிவுரை வேண்டாம், கொஞ்ச நேரம் உடன் அமர்ந்திருப்போம். அவர்கள் அழுதால் அழட்டும்.

சிலுவையடியில் நின்ற எங்கள் பனிமய அன்னையே, துயருறுவோர் அருகில் நிற்கும் மனத்தை எங்களுக்குப் பெற்றுத் தாரும். ஆமென்.