முதுகுவலி: கடன் மனு எழுதும் முன் மூன்று கேள்விகள்

(ஐயம்பேட்டை குழுக்களின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சில மாதங்களுக்கு முன் நம்ம குழு ஒன்றில் ஒரு கடன் மனு வந்தது. 'முதுகு ஆபரேஷனுக்கு ரூ.60,000' என்று இருந்தது. இருபது வருஷமாகத் தறிக்குழியில் கால் வைத்து நெய்கிற அக்கா அவர். ஸ்கேனில் "தட்டு தேய்ந்திருக்கு, சவ்வு பிதுங்கியிருக்கு" என்று வந்ததும் பயந்துபோய், இருக்கிற நகையையும் அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். குழு மனுவைத் தள்ளவில்லை, உடனே பாஸ் பண்ணவும் இல்லை. மூன்று கேள்வி கேட்டது. அதை நீங்களும் கேளுங்கள்.

ஒன்று: அவசர அறிகுறி இருக்கிறதா?
சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, காலில் பலம் குறைந்துகொண்டே வருவது. இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே ஆபரேஷன்தான் காலைக் காப்பாற்றும். முதுகுவலியோடு காய்ச்சல், உடம்பு இளைப்பு இருந்தால் முதுகெலும்புக் காசநோயாகவும் இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

இரண்டு: வலி இடுப்போடு நிற்கிறதா, காலுக்கு இறங்குகிறதா?
சவ்வு நரம்பை அழுத்தினால் வலி கால்வரை சுண்டி இழுக்கும். அதுவும் பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் ஆபரேஷன் இல்லாமலே குறைகிறது. குறையாவிட்டால் ஆபரேஷன் பலன் தரும். இடுப்பில் மட்டும் வலி என்றால் அந்தப் பலன் நிச்சயமில்லை. ஸ்கேனை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். 50 வயதில் வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் 10 பேரில் 8 பேருக்குத் தட்டுத் தேய்மானம் தெரியும்.

மூன்று: மற்ற வைத்தியத்தை ஒழுங்காகச் செய்தோமா?
நாள்பட்ட முதுகுவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சியை அது சொல்கிறது. இடுப்பு பெல்ட்டையும், எடை கட்டி இழுப்பதையும் வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்கிறது. படுத்தே கிடந்தால் வலி கூடத்தான் செய்யும். அரை மணிக்கு ஒருமுறை தறியை விட்டு எழுந்து நாலு நடை நடங்கள். ஒரு பெரிய குடத்துக்குப் பதில் இரண்டு சின்னக் குடம் தூக்குங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை மாதக்கணக்கில் போட்டால் வயிறும் கிட்னியும் கெடும்.

பயிற்சியை பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளுங்கள். காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனையில் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி தருவதும் உண்டு. நம்ம ஊர் நர்ஸம்மாவிடம் விசாரியுங்கள்.

ஆபரேஷன்தான் என்று முடிவானால், இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள். பிறகு முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை எடுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை உண்டு. உங்கள் ஆபரேஷன் அதில் சேருமா என்று 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்டுவிட்டு, அப்புறம் கடன் மனு எழுதுங்கள்.

அந்த அக்கா மூன்று மாதம் பயிற்சி செய்தார். வலி முழுசாகப் போகவில்லை. ஆனால் தறியில் உட்காருகிறார், நகையும் வீட்டில் இருக்கிறது. மனு கொண்டுவரும் அக்காவிடம் முதலில் 'தவணை எத்தனை' என்று கேட்காமல், 'எங்கே வலிக்குது' என்று கேட்போம்.