கூரைக்கும் ஒரு திருப்பணி



டோபி காட், ஒரு காலத்தில் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் ஓடைநீரில் துணி வெளுத்து உலர்த்திய இடம். அதனருகே ஆர்ச்சர்ட் சாலையில் வீற்றிருந்த சிவன் ஆலயம், பெருவிரைவு ரயில் பணிக்காக 1983இல் இடம்பெயர்ந்து, 1993இல் கேலாங் ஈஸ்டில் குடமுழுக்குக் கண்டது.

ஆலயங்களுக்கு முன்னோர் நல்லதொரு நியதியை வகுத்துள்ளனர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை விமானத்தின் விரிசலையும் தளத்தின் கசிவையும் ஆராய்ந்து, திருப்பணி முடித்த பின்னரே குடமுழுக்கு. பக்தியின் பெயரால் நடைபெறும் கட்டடப் பரிசோதனை என்றே இதனைக் கூறலாம். ஆதரவற்ற பிள்ளைகள் உறங்கும் இல்லங்களையும் அவர்கள் பயிலும் கூடங்களையும் இவ்வாறு தவறாது நோக்குவோர் எத்தனை பேர்?

கும்பகோணத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை வரும் மகாமகம், 2004 மார்ச் 6ஆம் நாள் அங்கு நடைபெற்றது. இலட்சக்கணக்கான அடியார்கள் நீராடினர். 1992ஆம் ஆண்டு மகாமகத்தின் நெரிசலில் உயிர்கள் பலியானமையால் இம்முறை காவலும் ஏற்பாடும் மிகுந்திருந்தன. நான்கு திங்கள் கழிந்து, ஜூலை 16ஆம் நாள், அதே ஊரின் ஸ்ரீகிருஷ்ணா பள்ளியில் மதிய உணவு சமைக்குமிடத்தில் எழுந்த தீ, வகுப்பறையின் கீற்றுக் கூரையைப் பற்றியது. எரிந்த கூரை பிள்ளைகள் மீதே சரிந்தது. வெளியேறும் வழியோ மிகக் குறுகியது. 94 குழந்தைகள் மாண்டனர். கீற்றுக் கூரை தீப்பற்றும் என்பதை அறியாதார் எவருமிலர். ஆயினும் பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்றும் அரசாணை அதன் பின்னரே பிறந்தது.

சிங்கப்பூருக்கும் இப்பாடம் புதிதன்று. 1961 மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீயின் அத்தாப்புக் குடிசைகள் எரிந்தபோது, ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர்.

கீற்று அகன்றால் அச்சம் முற்றும் அகன்றதாகாது. கான்கிரீட்டில் நீர் கசிந்தால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருக்கும். பருத்த கம்பி காரையைப் பிளந்து தள்ளும். மழை நின்ற பின்னும் காயாத கறையே முதல் அடையாளம். அதன்மேல் வெள்ளையடித்து மறைப்பதைப் பராமரிப்பு என்பது கொடுமை! பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை உடைத்தால் நுரையீரலைக் கெடுக்கும் நுண்ணிழைகள் பறக்குமாதலின், பயிற்சி பெற்றோரே அவற்றைக் கழற்ற வேண்டும்.

திருப்பணி தொடங்குமுன் மூர்த்தியைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்வது மரபு. குழந்தைகள் இல்லத்துக் கூரையைப் பிரிக்குமுன் பிள்ளைகளுக்கும் வேறிடம் அமைய வேண்டும். நன்கொடை திரட்டுவோர் ஓட்டுக்கும் மரத்துக்கும் கணக்கிட்டு இதனை மறந்துவிடுவதுண்டு. ஆதலின், மதிப்பீட்டின் முதல் வரியிலேயே அந்தத் தற்காலிக இருப்பிடத்தின் வாடகை எழுதப்படுதல் வேண்டும்.