வேலிமுள்ளில் ஒரு கூட்டுக் குடும்பம்

சிலந்தின்னாலே தனிக்கட்டைன்னுதான் நாம நினைப்போம். ஒரு வலைக்கு ஒரு சிலந்தி, பக்கத்துல இன்னொண்ணு வந்தா சண்டை. உலகத்துல 50,000க்கும் மேல சிலந்தி இனங்கள் இருக்கு. அதுல ஆயுசு முழுக்கக் கூட்டமா வாழுறது முப்பதைக்கூடத் தாண்டாது. அந்தச் சிலதுல ஒண்ணு நம்ம நாட்டுலயே இருக்கு. பேரு ஸ்டெகோடைஃபஸ் சரசினோரம்.

இலங்கையில சரசின் உறவினர்கள் ரெண்டு பேர் சேகரிச்ச சிலந்திகளை வெச்சு, 1892ல கார்ஷ் என்ற ஜெர்மானியர் இதை விவரிச்சார். பேரும் அவங்களோடதுதான். தர்மபுரி மாதிரி வறண்ட முள்ளுக்காட்டு நிலம்தான் இதுக்குப் பிடிச்ச இடம். பழைய தர்மபுரி மாவட்டத்தை ஒட்டி இருக்கிற ஆந்திராவின் குப்பம் பகுதியில எடுத்த கூடுகளை வெச்சு, திருவனந்தபுரம் ஐசர் ஆய்வாளர்கள் இதோட நடத்தையை ஆராய்ஞ்சிருக்காங்க.

சிலந்தி ஒவ்வொண்ணும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். முள்செடியில இலை, குச்சி, தின்ன பூச்சியோட மிச்சம் எல்லாத்தையும் நூலால கட்டி ஒரு கூடு. அதைச் சுத்தி விரிப்பு மாதிரி வலை. இந்த நூல்ல பசை கிடையாது. ரொம்ப மெல்லிய இழைகள் பஞ்சு மாதிரி பூச்சியோட காலைப் பிடிச்சுக்கும். வெட்டுக்கிளி விழுந்து வலை அதிர்ந்தா, நாலஞ்சு சிலந்தி சேர்ந்து ஓடிவரும். தன்னைவிடப் பெரிய இரையை அப்படித்தான் அமுக்குது.

குஞ்சு பொரிச்சதும் தாய் தன் வயித்துல இருந்து உணவைக் கக்கி ஊட்டும். கடைசியில குஞ்சுகள் தாயையே தின்னுடும். கேட்க ஒரு மாதிரி இருக்கும். ஆனா அடுத்த தலைமுறைக்கு அதுதான் முதல் பெரிய சாப்பாடு.

இதுல ஒரு பலவீனமும் இருக்கு. கூட்டுக்குள்ளேயே, சொந்தத்துக்குள்ளேயே இணை சேருது. ஆண்கள் ரொம்பக் குறைவு. எல்லாமே ஒரே ரத்தம்ங்கிறதால, ஒரு கெடுதி வந்தா கூடு மொத்தமும் போகலாம். குடும்பம் தழைக்கணும்னா சில பெண்கள் தனியாவோ சின்னக் கூட்டமாவோ கிளம்பி, அடுத்த செடியில புதுக் கூடு போடணும். அதுக்குப் பக்கத்துல இன்னொரு செடி இருக்கணும்.

முள்ளுன்னு சொல்லி வேலியை ஒரேயடியா வெட்டி எரிக்கும்போது நாம அழிக்கிறது ஒரு பூச்சிக்கூட்டை மட்டும் இல்லீங்க, அது போய்ச் சேர வேண்டிய அடுத்த வீட்டையும்தான். அடுத்த தடவை வேலி வெட்டும்போது, அழுக்குப் பஞ்சு மாதிரி ஏதாவது தொங்குதான்னு ஒரு நிமிஷம் பாருங்க. இருந்தா அந்தச் செடியையும், அதுக்கு ரெண்டு பக்கத்துச் செடியையும் விட்டுட்டு வெட்டுங்க.