பானெட் பொய் சொல்லும், சேஸி சொல்லாது

அம்பத்தூர் மேனாம்பேட்டுல நான் டிங்கரிங் பட்டறை வச்சிருக்கேன். வர்றதுல பாதி பழைய வண்டிங்கதான். போன்ல பளபளன்னு ஒரு கார் படத்தைக் காட்டி, "அண்ணா, முன்னாடி இடிச்ச வண்டியை இந்த மாதிரி ஆக்க எவ்வளவு ஆகும்?"னு கேட்பாங்க. பெயிண்ட் கடைசி வேலை. முதல் வேலை எதுன்னு இன்னைக்குப் பேசலாம்.

நம்ம ஊர் வண்டியையே எடுத்துக்குவோம். ஸ்டாண்டர்டு ஹெரால்ட். இங்கிலாந்துல 1959-ல ட்ரையம்ஃப் ஹெரால்டுன்னு வந்த கார். வரைஞ்சவர் இத்தாலிக்காரர் ஜொவானி மிக்கெலாட்டி. 1961-லேர்ந்து சென்னையில ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி அதைத் தயாரிச்சது. அதே சேஸியைக் குட்டையாக்கித்தான் 1962-ல ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்ங்கிற ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் வந்துச்சு. அதனால நான் சொல்றது ரெண்டு வண்டிக்குமே பொருந்தும்.

இந்தக் குடும்பத்து வண்டிகள்ல ரெண்டு விசேஷம் உண்டு. ஒண்ணு, தனி சேஸி. இன்னைக்கு ஓடுற கார்கள்ல பாடியே எலும்புக்கூடு. இதுல கீழ இரும்புச் சட்டம், மேல துண்டு துண்டா போல்ட் போட்ட பாடி. ரெண்டாவது, பானெட். ரெண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டு. கீல் முன்னாடி இருக்கு, மொத்த மூஞ்சியும் முன்பக்கமா சாயும். இன்ஜின் வேலைக்கு இதைவிட வசதியான வண்டி கிடையாது. டயர் மேல உட்கார்ந்துகிட்டே வேலை பார்க்கலாம்.

முன்பக்கம் அடிபட்டா இந்த வசதியே ஆபத்தாயிடும். அந்த பானெட்டை கீல் பக்கத்துல முன்னபின்ன, மேலகீழ நகர்த்தி வைக்க முடியும். அடியில சேஸி கோணியிருந்தாலும், கீலை நகர்த்தி, கதவுக்கும் பானெட்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை அழகா ஒரே அளவுக்குக் கொண்டுவந்துடலாம். பட்டி பூசி, பெயிண்ட் அடிச்சா வேலை முடிஞ்சது. பார்க்க புது வண்டி. ஓட்டினா இடது பக்கம் இழுக்கும், டயர் ஒரு பக்கமா தேயும், மழையில சடன் பிரேக் அடிச்சா எந்தப் பக்கம் திரும்பும்னு தெரியாது. ஏர்பேக் இல்லாத வண்டிங்க இது.

போன வருஷம் ஒரு பொண்ணு தாத்தாவோட ரெண்டு கதவு ஹெரால்டைக் கொண்டுவந்தா. திருவள்ளூர் ரோட்டுல முன்னாடி போன லாரி சட்டுனு நின்னதுல, இடது மூலை உள்ள போயிருந்துச்சு. பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்புல 75 சதவீதத்தைத் தாண்டினா, வண்டியை மொத்த நஷ்டம்னு எழுதுவாங்க. இவ வண்டிக்கும் அப்படித்தான் எழுதியிருந்தாங்க. வேற ஒரு பட்டறையில, "இன்னொரு ஹெரால்டோட சேஸியைப் போட்டு, உங்க நம்பரை அடிச்சுடலாம், 10 நாள்ல வண்டி ரெடி"ன்னு சொல்லியிருக்காங்க.

"அண்ணா, அப்படிப் பண்ணா தப்பா?"ன்னு கேட்டா.

"தப்பு மட்டும் இல்லம்மா, குற்றம்"னேன். சேஸி நம்பர்தான் வண்டியோட பிறப்புச் சான்றிதழ். 2021 ஜூலையில மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்துச்சு. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டியிருக்கணும், வண்டி அசல் வடிவத்துல இருக்கணும், சேஸி, பாடி, இன்ஜின் எதையும் பெருசா மாத்தியிருக்கக் கூடாது. அப்போதான் 'விஏ' வரிசையில நம்பர் கிடைக்கும். சேஸியை மாத்தினா தாத்தா வண்டி தாத்தா வண்டியாவே இருக்காது.

அதனால முதல்ல அளந்தோம். பேட்டரியைக் கழட்டி, சமமான சிமெண்ட் தரையில ஸ்டாண்டு மேல வண்டியை நிறுத்தணும். சேஸியில ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற போல்ட் ஓட்டைகள்லேர்ந்து தூக்குக்குண்டு விட்டு, தரையில சாக்பீஸால புள்ளி வைக்கணும். அப்புறம் வண்டியை நகர்த்திட்டு, புள்ளிகளை மூலைக்கு மூலை குறுக்கா டேப் பிடிச்சு அளக்கணும். கோலம் போடுற மாதிரிதான். ரெண்டு குறுக்களவும் ஒண்ணா இருந்தா சட்டம் நேரா இருக்கு. இவ வண்டியில 11 மில்லிமீட்டர் வித்தியாசம்.

இழுக்கிறதுக்கு ஒரு கணக்கு இருக்கு. கடைசியா மடங்கின இடத்தை முதல்ல எடுக்கணும், முதல்ல மடங்கினதைக் கடைசியா. அடி வந்த வழியிலேயே திரும்பிப் போகணும். செயின் போட்டு, கொஞ்சம் இழுத்து, விட்டு, மறுபடி அளக்கணும். கேஸ் வச்சுப் பழுக்கக் காய்ச்சினா சீக்கிரம் வளையும், ஆனா இரும்போட பலம் போயிடும். எங்க கணக்குல 3 மில்லிமீட்டருக்குள்ள வர்ற வரைக்கும் பானெட்டைத் தொடமாட்டோம்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத சேதம். முன் சக்கரத்தைத் தாங்குற செங்குத்து இணைப்பு, கீழ ட்ரன்னியன்ங்கிற வெண்கலத் துண்டுக்குள்ள மரை போட்டுத் திரும்பும். அந்த இடத்துல முடி அளவு விரிசல் இருந்தா, ஒரு நாள் சக்கரம் மடங்கி வண்டி அப்படியே படுத்துடும். சிவப்புச் சாயம் பூசி, துடைச்சு, வெள்ளைப் பொடி தெளிச்சா விரிசல் சிவப்புக் கோடா தெரியும். இடது பக்கத்துல தெரிஞ்சுது. மாத்தினோம். ஸ்டீயரிங் ராக்கைப் பிடிக்கிற கிளாம்பு, மோதினா உள்ள சுருங்குற மாதிரி செஞ்ச ஸ்டீயரிங் தண்டு, ரெண்டையும் கழட்டிப் பார்த்தோம்.

பாகம் எங்க கிடைக்கும்னு கேட்பீங்க. சிலது இங்கிலாந்துலேர்ந்து வரவழைக்கணும். புஷ் மாதிரி சின்னது எல்லாம் அம்பத்தூர் எஸ்டேட்ல லேத்துல கடைஞ்சு வாங்கிடலாம். பழசைக் கையில கொடுத்தா, வெர்னியர் வச்சு அளந்து சாயங்காலத்துக்குள்ள கொடுக்கிற டர்னருங்க இன்னும் இருக்காங்க. ஆனா அவங்களுக்கு அறுபது வயசு தாண்டிடுச்சு. பக்கத்துல நின்னு கத்துக்கிறதுக்குத்தான் ஆள் இல்ல. அதுதான் என் கவலை.

அந்த வண்டிக்கு நாலு மாசம் ஆச்சு. கடைசிச் சோதனைக்கு ரோட்டுல தண்ணி ஊத்தி, அதுமேல நேரா ஓட்டவிட்டோம். முன் டயர் தடத்து மேலயே பின் டயர் தடமும் சரியா விழுந்துச்சு. அதுக்கு அப்புறம்தான் பெயிண்ட் டப்பாவைத் திறந்தோம்.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு வண்டி இருந்து, எங்கயாவது இடிச்சுட்டா, பட்டறைக்காரர்கிட்ட என்ன கலர்னு பேசறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "குறுக்களவு எவ்வளவு இருக்கு?" பேப்பர்ல எழுதிக் காட்டினா வண்டியை விடுங்க. "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்"னா, சாவியை வாங்கிட்டுக் கிளம்புங்க.